ஷிப்ட் லிஸ்ட் போடுவது எப்படி? 24 மணி நேரமும் ஓடும் மில்லுக்கு ஒரு முழு வழிகாட்டி

புதிதாக ஷிப்ட் லிஸ்ட் போட உட்காருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, எக்செல்லைத் திறப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காலை ஏ ஷிப்டுக்கு மஞ்சள், மாலை பி ஷிப்டுக்குப் பச்சை, இரவு சி ஷிப்டுக்கு ஊதா என்று கட்டம் கட்டமாக வண்ணம் அடித்து, பார்க்கவே ஆசையாக ஒரு லிஸ்ட் தயார் செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். புதன்கிழமை இரவு இரண்டு பேர் வரவில்லை. வியாழக்கிழமை ஒருவருக்கு மாமனார் தவறிவிட்டார். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், மேஸ்திரி பேனாவால் அடித்து அடித்துத் திருத்தியதில் என் வண்ணம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கிற இயந்திரமான ரிங் ஃபிரேம் பிரிவுக்கு லிஸ்ட் போடுகிற வேலை பல வருடம் என் தலையில் இருந்தது. அதில் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். லிஸ்ட் கெட்டுப்போவதற்குச் சுற்று முறை காரணமே இல்லை. ஆள் கணக்கு பொய்யாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஷிப்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற நாளில் ஆளுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டைச் சரிசெய்தால் மிச்சமெல்லாம் சில்லறை வேலை. உதாரணத்துக்கு ஸ்பின்னிங் மில்லை எடுத்திருக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ், செக்யூரிட்டி, பெட்ரோல் பங்க், ஸ்ரீபெரும்புதூர் கார் பாக தொழிற்சாலை எதுவானாலும் கணக்கு இதேதான்.

முதல் படி: ஆளை எண்ணுங்கள்

வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 3 ஷிப்ட், மொத்தம் 21 ஷிப்ட். ஒருவர் வாரத்தில் 6 ஷிப்ட் பார்ப்பார். 21ஐ 6ஆல் வகுத்தால் 3.5 வரும். அதாவது ஓர் இடத்தில் எந்நேரமும் ஓர் ஆள் நிற்க வேண்டுமென்றால் மூன்று பேர் போதாது, மூன்றரை பேர் வேண்டும். ‘மூணு ஷிப்ட், மூணு ஆள், அவ்வளவுதானே’ என்று ஆபீஸில் உட்கார்ந்து சொல்கிறவர் யாராவது இருந்தால் இந்த ஒரு வகுத்தலை அவர் மேஜையில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த மூன்றரையும் யாருமே லீவு போடாத ஊருக்கான கணக்கு. நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். உங்கள் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு ஆறு சைடர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைடர் என்றால் ரிங் ஃபிரேமின் பக்கவாட்டில் நடந்துகொண்டே அறுந்த இழையை எடுத்து ஒட்டுகிறவர். ஆறு பேர், மூன்று ஷிப்ட், 365 நாள்: பெருக்கினால் வருடத்துக்கு 6,570 ஆள்ஷிப்ட். ஒருவருக்கு 365 நாளில் வார விடுமுறை 52 போனால் மிச்சம் 313. 6,570ஐ 313ஆல் வகுத்தால் 21 பேர். சரி, இதுதான் காகிதத்தில் வருகிற மூன்றரை.

இப்போது அந்த 313இல் இன்னும் கழியுங்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி வருடத்துக்கு 9 நாள். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பளத்துடன் கூடிய லீவு ஏறக்குறைய 15. காய்ச்சல், சாவு, கல்யாணம், காதுகுத்து, சொல்லாமல் நின்றுவிடுவது எல்லாம் சேர்த்து மிகக் குறைவாகப் பிடித்தாலும் இன்னொரு 9. மிச்சம் 280. 6,570ஐ 280ஆல் வகுத்தால் 23.5, அதாவது 24 பேர். ஆறு இடத்துக்கு 24 என்றால் ஓர் இடத்துக்கு நாலு.

இந்த நாலுதான் உண்மையான எண். உங்கள் இடத்தில் நாலரையாகக்கூட இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழி, போன வருட மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) எடுத்து வைத்துக்கொண்டு மாதம் மாதமாக எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணுவதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய்விடும், ஆனால் தை, சித்திரை, ஆவணி மூன்றும் எப்படிப் பல்லைக் காட்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 21 பேரை வைத்துக்கொண்டு 24 பேரின் வேலையை நடத்தினால் அந்த மூன்று பேரின் வேலையை யாரோ டபுள் ஷிப்ட் பார்த்துத்தான் முடிக்கிறார்கள். லிஸ்டில் அது தெரியாது, ஓடி (ஓவர்டைம்) பில்லில் தெரியும்.

ஆள் போதவில்லை என்றால் இங்கேயே நின்று நிர்வாகத்திடம் பேசிவிடுங்கள். அடுத்த படிகள் எதுவும் அதை மறைக்காது.

இரண்டாம் படி: எத்தனை மணிக்கு மாற்றுவது

கோவை மில்களில் பழைய வழக்கம் 8, 4, 12. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்பார்கள். அரை நைட் முடிந்து நள்ளிரவு 12 மணிக்கு வெளியே வருகிறவருக்குப் பஸ் கிடையாது, முழு நைட்டுக்கு வருகிறவர் பாதித் தூக்கத்தில் எழுந்து வர வேண்டும். இரண்டு பேர் தூக்கத்தையும் ஒரே மணியில் கெடுக்கிற நேரம் அது. இப்போது நிறைய இடத்தில் 6, 2, 10. இதில் இரவு 10 மணி வசதிதான், காலை 6 மணிதான் கஷ்டம். 20 கிலோமீட்டர் தள்ளியிருந்து கம்பெனி வேனில் வருகிறவர் 4 மணிக்கு எழ வேண்டும். அதற்காக யாரும் முந்தின நாள் 8 மணிக்குத் தூங்கப் போவதில்லை, சீரியல் முடியாது, பிள்ளைகள் விடாது. ஆக ஏ ஷிப்ட் வாரம் முழுக்க அரைத் தூக்கம். பகல் ஷிப்ட்தானே என்று நாம் நினைப்போம், அவர் கண் சிவந்திருக்கும்.

என் ஓட்டு 7, 3, 11க்கு. கீழே வருகிற கணக்கெல்லாம் இந்த நேரத்தில்தான். ஆனால் லிஸ்டை முடிவு செய்வதற்கு முன் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 11 மணிக்கு விட்டு, கடைசி பஸ் 10.50க்கு என்றால் உங்கள் பி ஷிப்டில் தினமும் பத்து நிமிடம் முன்னதாக ஃபிரேம் அனாதையாக நிற்கும்.

மூன்றாம் படி: எந்தப் பக்கம் சுற்றுவது

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதை மூலக்கூறு அளவில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். நமக்கு அதில் வேண்டியது ஒரே விஷயம்: வெளிச்சம் எதுவும் காட்டாமல் விட்டால் அந்தக் கடிகாரம் 24 மணியைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடும். அதனால்தான் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தாமதமாகத் தூங்க யாருக்கும் பயிற்சி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பாருங்கள், புரண்டுகொண்டே கிடப்பீர்கள்.

ஆகவே ஏ முடிந்து பி, பி முடிந்து சி, சி முடிந்து ஏ. இது முன்சுற்று. சி, பி, ஏ என்று போவது பின்சுற்று. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் பின்சுற்றை முன்சுற்றாக மாற்றி, மாறும் இடைவெளியையும் நீட்டிப் பார்த்ததில் ஆட்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடியதாக 1982லேயே எழுதிவிட்டார்கள். நம் பக்கம் இன்னும் பாதி இடங்களில் ‘எங்க அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்’ என்று பின்சுற்றே ஓடுகிறது.

வேகம் பற்றி இரண்டு கட்சி உண்டு. அனல் மின் நிலையம் மாதிரி நிறுத்தவே முடியாத இடங்களில் நாலு செட் ஆள் வைத்து, இரண்டு நாள் ஏ, இரண்டு நாள் பி, இரண்டு நாள் சி, இரண்டு நாள் லீவு என்று வேகமாகச் சுற்றலாம். இரவு வேலை இரண்டே நாள் என்பதால் தூக்கக் கடன் ஏறாது, உடம்புக்கு இதுதான் நல்லது என்பேன். ஆனால் நம் ஆறு இடத்துக்கு நாலு செட் என்றாலே 24 பேர் முழுசாகப் போய்விடும், லீவு போட்டால் நிற்க ஆளில்லை, அதற்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். 27 பேர் கொடுக்கிற முதலாளி கிடைத்தால் யோசிக்காமல் இதைப் போடுங்கள். மில்களில் கிடைக்க மாட்டார், அதனால் வாரச் சுற்றுதான்.

நிரந்தர நைட் கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். பகலில் தோட்டத்து வேலை, நாலு மாடு, இரவில் மில். இரவுப் படியும் கிடைக்கும். நான் இரண்டு மூன்று பேருக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தேன், ஆறு மாதத்தில் ஆளே பாதியாகிவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பகலில் தூங்குவதற்காக நைட் கேட்கவில்லை, தூங்காமல் இருப்பதற்காகக் கேட்டார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007லேயே உடல் கடிகாரத்தைக் குலைக்கிற ஷிப்ட் வேலையைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது, 2019இல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. கேட்கிறார்களே என்று நீட்டிவிடாதீர்கள்.

நாலாம் படி: மாறும் நாளை மணிக்கணக்கில் எண்ணுங்கள்

இங்கேதான் எல்லா லிஸ்டும் மாட்டுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு, பிறகு அடுத்த ஷிப்ட். முன்சுற்றில், செவ்வாயோடு ஏ முடித்தவர் 3 மணிக்கு வெளியே வருகிறார், புதன் லீவு, வியாழன் பகல் 3 மணிக்கு பி. இடைவெளி 48 மணி. பி முடிந்து சிக்குப் போகிறவருக்கும் 48. இப்போது சியிலிருந்து ஏ. செவ்வாய் இரவு 11க்கு ஏறியவர் புதன் காலை 7க்கு இறங்குகிறார். வியாழன் காலை 7க்கு ஏ. இடைவெளி 24 மணி நேரம்தான்.

லிஸ்டில் புதன்கிழமைக் கட்டத்தில் ‘லீவு’ என்று அழகாக எழுதியிருக்கும். அவர் வாழ்க்கையில் அது என்ன என்று பாருங்கள். காலை 7க்கு இறங்கி, 8க்கு வீடு, 9 முதல் 2 வரை தூக்கம், சாயங்காலம் ரேஷன் கடை, இரவு 9க்குப் படுத்தால் தூக்கம் வராது ஏனென்றால் ஆறு நாளாக அந்நேரம் கிளம்பிக்கொண்டிருந்த உடம்பு, நள்ளிரவுக்கு மேல் கண்ணயர்ந்து 5 மணிக்கு அலாரம். சட்டத்தின் கண்ணுக்கு இது சரி. இரவு ஷிப்ட்காரருக்கு வார விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து எண்ணிய 24 மணி நேரம் என்றுதான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. வியாழக்கிழமை ஏ ஷிப்டில் அவர் ஒட்டுகிற இழையைப் பாருங்கள், சட்டம் தெரியாத இழை அது.

இதனால்தான் சிலர் பின்சுற்றுதான் நல்லது என்று சாதிக்கிறார்கள். அதில் ஏ முடிந்து சிக்கு 56 மணி, சி முடிந்து பிக்கு 32, பி முடிந்து ஏவுக்கு 32. 24 என்ற எண்ணே வராது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 48, 48, 24 என்றாலும் 120. 56, 32, 32 என்றாலும் 120. ஒரே பாயை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு கால் வெளியேதான் கிடக்கும். நீளமான பாய் வேண்டும், அதாவது நைட் முடிந்ததும் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் லீவு.

அதற்கு நான் பிடித்துக்கொண்டது 22 நாள் சுற்று:

0 முதல் 5 வரை ஏ ஷிப்ட்
6 லீவு
7 முதல் 12 வரை பி ஷிப்ட்
13 லீவு
14 முதல் 19 வரை சி ஷிப்ட்
20, 21 லீவு
பிறகு மறுபடி 0

22 பேருக்கு 0 முதல் 21 வரை ஆளுக்கு ஒரு தொடக்க எண் கொடுங்கள். எந்த நாளைத் தொட்டாலும் ஒவ்வோர் எண்ணிலும் சரியாக ஒருவர் நிற்பார். ஏவில் ஆறு, பியில் ஆறு, சியில் ஆறு, லீவில் நாலு. கூட்டமாக எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாறுகிற கலாட்டா இல்லை, ஷிப்டுக்கு ஒருவர், நாளுக்கு மூன்று பேர் என்று ஓசையில்லாமல் மாறிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாறுதலிலும் இடைவெளி 48 மணி. தொடர்ந்து ஆறு நாளுக்கு மேல் யாருக்கும் வேலை வராது, லீவு நாள் சுற்றுக்குச் சுற்று ஒரு கிழமை நகர்வதால் ஞாயிற்றுக்கிழமையும் எல்லோருக்கும் முறை வைத்து வரும். 24இல் 22 போக மிச்சம் இரண்டு பேர் ரிலீவர், லீவு போட்டவர் இடத்தில் நிற்க. 24 பேர் ஆளுக்கு ஏறக்குறைய 30 நாள் லீவு போட்டால் சராசரி நாளுக்கு இரண்டு பேர், இழுத்துப் பிடித்தால் சமாளிக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? முதல் எதிர்ப்பு ஆட்களிடமிருந்தே வந்தது. நாள் கூலிக்காரருக்கு அந்த 21ஆம் எண் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. வருடத்துக்கு 14 நாள் குறையும். ஒரு பெரியவர் நேராகவே கேட்டார், ‘சாமி, தூக்கம் நீங்க குடுக்கறீங்க, அரிசி யார் குடுப்பா?’ பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் பண்டிகை விடுமுறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சேர வேண்டிய மாற்று விடுமுறையைக் கொண்டுபோய் அந்த 21ஆம் எண்ணில் வைத்தோம். பண்டிகை விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்துடன் மாற்று நாள் என்று சட்டமே சொல்வதால் அந்த நாளுக்குக் கூலி உண்டு. 14இல் பாதிக்காவது இப்படி வழி கிடைத்தது, மீதிக்கு இரவுப் படியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு வாங்கினோம். உங்கள் ஆட்கள் மாதச் சம்பளம் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

ஐந்தாம் படி: இப்போது எக்செல்லைத் திறக்கலாம்

முதல் நெடுவரிசையில் பெயர், இரண்டாவதில் தொடக்க எண். மேலே தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தேதியிலிருந்து சுற்று ஆரம்பித்த தேதியைக் கழித்து, தொடக்க எண்ணைக் கூட்டி, 22ஆல் வகுத்த மீதி வர வேண்டும். மீதி 5 வரை ஏ, 6 லீவு என்று மேலே சொன்னபடி. ஒருமுறை போட்டு இழுத்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கு யார் எந்த ஷிப்ட் என்று இன்றைக்கே சொல்லலாம். வண்ணம் அடிக்க ஆசை இருந்தால் இப்போது அடித்துக்கொள்ளுங்கள்.

எண் கொடுப்பதில் ஒரு கலை இருக்கிறது. ஒரே ஃபிரேமில் புதியவர் இருவர் சேராதபடி, பழகிய கை ஒன்று, புதுக் கை ஒன்று என்று மாற்றி மாற்றி எண் கொடுங்கள். ஹாஸ்டலில் தங்குகிறவர்களுக்கு அடுத்தடுத்த எண்களைக் கொடுத்து ஒரே அறையில் போடுங்கள், பெரும்பாலான நாள் எல்லோரும் ஒரே ஷிப்டில் இருப்பார்கள், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் செல்போனில் ஊருக்குச் சத்தமாகப் பேச மாட்டார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் தங்கியிருக்கிற அறைகளில் பாதிச் சண்டை இதனால்தான் வந்துகொண்டிருந்தது.

கணவன் மனைவி இருவரும் அதே பிரிவு, வீட்டில் சின்னக் குழந்தை என்றால் மனைவி எண்ணோடு 7 கூட்டிக் கணவருக்குக் கொடுங்கள். சுற்றிப் பார்த்தால் தெரியும், ஒருபோதும் இருவரும் ஒரே ஷிப்டில் வர மாட்டார்கள், ஆனால் 22 நாளில் மூன்று நாள் இருவருக்கும் ஒரே லீவு விழும். எங்கள் மில் கேட்டில் பகல் 3 மணிக்கு ஒரு காட்சி நடக்கும்: தலையெல்லாம் பஞ்சாக வெளியே வருகிற அம்மா, உள்ளே போகக் கார்டு எடுத்து நிற்கிற அப்பா, நடுவில் செக்யூரிட்டி ஸ்டூலில் பிஸ்கட் தின்றுகொண்டு ஒரு பெண் குழந்தை. அப்பா பஞ்ச் அடித்த கையோடு குழந்தையை அம்மா தோளில் போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்.

ஆறாம் படி: சட்டத்தின் எல்லைக்கோடு

நீளமாகப் போக மாட்டேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த கணக்கு: வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரை மணியாவது ஓய்வு, லீவு நாளை மாற்றினாலும் ஒரேயடியாக 10 நாளுக்கு மேல் ஓட்டக்கூடாது, ஓடிக்கு இரட்டிப்புக் கூலி. வேலை நேர அறிவிப்பைத் தமிழில் ஒட்ட வேண்டும். நாளுக்கு 12 மணி வரை அனுமதிக்கிற திருத்தத்தை 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கின்றன, அதில் நாளுக்கு 8 மணி, வாரத்தில் 6 நாளுக்கு மேல் இல்லை, ஓடிக்கு இரட்டிப்பு. மாநில விதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை லிஸ்டை ஒட்டுவதற்கு முன் உங்கள் பகுதித் தொழிலகப் பாதுகாப்பு இயக்கக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், வாட்ஸப்பில் வருகிற படத்தை நம்பாதீர்கள்.

பெண்களுக்கு இரவு வேலையே கூடாது என்றிருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கியது. அதற்காகப் பெயரை எடுத்து சி கட்டத்தில் போட்டுவிட முடியாது. அவர் சம்மதம், வீட்டு வாசல் வரை வண்டி, தனியாக ஒருவரை மட்டும் விடாமல் குழுவாகப் போடுவது, இவை இருந்தால்தான். வண்டி மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனால் அது வாசல் இல்லை.

ஏழாம் படி: டபுள் ஷிப்டுக்கு வேலி

ஆள் வரவில்லை, ஃபிரேம் நிற்கிறது, போகிறவரைக் கைபிடித்து ‘இன்னொரு ஷிப்ட் பாத்துட்டுப் போப்பா’ என்று கேட்கிற வேலையை நான் எத்தனை தடவை செய்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரின் கையைப் போலத் தடுமாறும் என்று ஆஸ்திரேலியாவில் 1997இல் சோதித்துக் காட்டினார்கள். பி ஷிப்டுக்கு வருகிறவர் காலை 7 மணிக்கு எழுந்திருந்தால் அந்த 17 மணி நள்ளிரவோடு முடிந்துவிடும். அதற்குமேல் அவரிடம் ஏழு மணி நேரம் நைட் வாங்குகிறோம்.

ஒரு மார்கழியில் அப்படி பியும் சியும் சேர்த்துப் பார்த்தவர், காலையில் வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். காரை எலும்பு உடைந்தது, இரண்டு மாதம் கட்டிலில். தூங்கிட்டேன் சார், எப்ப தூங்கினேன்னே தெரியல என்றார். கேட்டவன் நான்தான். அவர் மறுக்க முடியாதபடி கேட்டவனும் நான்தான்.

அதற்கப்புறம் மூன்று விதி வைத்துக்கொண்டேன். பியிலிருந்து சிக்கு டபுள் கிடையாது, யார் சொன்னாலும். வேண்டுமானால் பி ஆள் நாலு மணி நேரம் கூட இருப்பார், மறுநாள் ஏ ஆள் நாலு மணி நேரம் முன்னதாக வருவார், இரண்டு பேரும் 12 மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படி வருகிறவர்களுக்கும் அந்த வாரத்தில் அது ஒரு தடவைதான். மூன்றாவது, கூடுதல் நேரம் பார்த்தவர் தன் பைக்கில் போகக்கூடாது, வண்டி கொடுக்க வேண்டும். பெட்ரோல் காசு என்று அக்கவுண்ட்ஸ் முனகும், முனகட்டும்.

எட்டாம் படி: லீவும் கைமாற்றும்

சுற்று எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வாழ்க்கை குறுக்கே வரும். மாரியம்மன் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டினால் அந்த ஊர்க்காரர் எட்டுப் பேரும் ஒரே நாளில் லீவு கேட்பார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டமாகவே போவார்கள். வடக்கத்திப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் லீவை மதிக்கவே மாட்டார்கள், வருடத்துக்கு ஒருமுறை 30, 40 நாள் மொத்தமாக வேண்டும், ரயிலிலேயே போகவர நாலைந்து நாள் போய்விடும். இதெல்லாம் திடீரென்று வருவதில்லை, காலண்டரில் இருக்கிறது. தை மாதமே உட்கார்ந்து எந்தெந்த ஊருக்கு எப்போது நோம்பி, யார் யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் நீண்ட லீவு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்கிறவர்களிடம் எந்த ஷிப்ட் தோது என்று கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள், ஒருவருக்கு நோன்பு திறக்கிற நேரம் வீட்டில் இருக்க வேண்டும், இன்னொருவருக்கு விடியுமுன் சஹர் சாப்பிட வீட்டில் இருக்க வேண்டும்.

ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். ஆனால் ஒரு நோட்டு போட்டு, இருவர் கையெழுத்தும் மேஸ்திரி கையெழுத்தும் 24 மணி நேரம் முன்பே விழ வேண்டும் என்று வையுங்கள். கையெழுத்துக்கு முன் மேஸ்திரி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மாற்றத்தால் யாருக்காவது இரண்டு ஷிப்டுக்கு நடுவே 12 மணி நேரத்துக்குக் குறைவாக வருகிறதா. வந்தால் இல்லை.

ஒன்பதாம் படி: நைட் எப்படிப் போகிறது என்று போய்ப் பாருங்கள்

லிஸ்ட் போடுகிறவர் மாதம் ஒரு நைட்டாவது 3 மணியிலிருந்து 5 மணி வரை அந்த ஹாலில் நடக்க வேண்டும். உடம்புச் சூடு மிகக் குறைவது அந்த நேரம்தான். ஃபிரேம்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும், காற்றில் ஈரமும் பஞ்சும். நடந்துகொண்டே இருக்கிற சைடரின் கால் நிற்காது, ஆனால் கண் அறுந்த இழையைத் தாண்டிப் போய்விடும், ஐந்தாறு கதிர் தள்ளிப் போய்த் திடீரென்று நினைவு வந்து திரும்பி வருவார். அதைப் பார்த்தபிறகு ஃபிரேம் கிளீனிங், டிராவலர் (ரிங்கில் ஓடுகிற சின்னக் கம்பி வளையம்) மாற்றுவது மாதிரி கை உள்ளே போகிற வேலை எதையும் 3 மணிக்குமேல் வைக்க மனம் வராது. அதையெல்லாம் 2 மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு இடைவேளையை 2.30 பக்கம் வைத்து, சாப்பிட்ட மிச்ச நேரத்தில் 15, 20 நிமிடம் படுக்க ஒரு பாய்க்கும் மின்விசிறிக்கும் இடம் கொடுங்கள். தூங்குகிறான் என்று மெமோ கொடுக்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள், அந்த இருபது நிமிடத்துக்குக் கணக்கு கேட்கிறவர் நாலு மணிக்கு வந்து கழிவுப் பஞ்சை எடை போட்டுப் பார்க்க வேண்டும். டீயை 3 மணிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். டீ, காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். 4.30க்குக் குடித்த ஸ்ட்ராங் டீ காலை 9 மணிக்கு அவர் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் தூங்குவது நம் கையில் இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பகல் 11 மணிக்கு யார் தூங்குவார்? ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கர் வேறு. முடிந்தால் சித்திரை, வைகாசியில் நைட் முடித்தவர்கள் மதியம் வரை தூங்கிவிட்டுப் போக ஹாஸ்டலில் ஓர் இருட்டு அறை ஒதுக்குங்கள். நாங்கள் ஜன்னலுக்குப் பழைய கேன்வாஸை அடித்து ஓர் அறை செய்தோம், செலவு ஒன்றுமில்லை, வரிசையில் நின்றார்கள்.

பத்தாம் படி: சார்ஜ் கைமாறும் பத்து நிமிடம்

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1984 டிசம்பர் 2 இரவு 10.45க்கு ஷிப்ட் மாறியது. அதற்குச் சற்றுமுன், பிறகு விஷவாயு கசிந்த டேங்கின் அழுத்தம் 2 என்று காட்டியது, மாறியபிறகு 11 மணிக்குப் பார்த்தவர் 10 என்று கண்டார். 10 என்பது வழக்கமாக இருக்கக்கூடிய எண்தான், அதனால் அவர் பதறவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அது 2 ஆக இருந்தது என்பது அவர் கண்ணில் படவில்லை. அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

நம்முடையது நூல் மில்தான், ஆனாலும் போகிறவரும் வருகிறவரும் ஃபிரேம் முன்னால் ஒன்றாக நிற்கிற பத்து நிமிடம் லிஸ்டிலேயே இருக்க வேண்டும், அதற்குக் கூலியும் இருக்க வேண்டும். எந்த ஃபிரேமில் இழை அதிகம் அறுகிறது, எதில் சத்தம் வருகிறது, எதைப் பாதியில் விட்டிருக்கிறோம், மூன்றே கேள்வி. நோட்டில் இப்போதைய எண்ணோடு முந்தின ஷிப்ட் எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பழைய லிஸ்டிலிருந்து புதுசுக்கு எப்படித் தாவுவது?

தாவவே வேண்டாம். இப்போது உங்கள் ஆட்களுக்கு லீவு கிழமை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, லீவு முடிந்ததும் ஷிப்ட் மாறுகிற முன்சுற்று ஓடுகிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே 21 நாள் சுற்றில்தான் இருக்கிறீர்கள். ஏவில் முதல் நாள் பார்ப்பவர் 0, நைட் முடித்து லீவில் இருப்பவர் 20. எல்லோர் எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டு, 22ஆவதாகச் சேருகிறவருக்கு மட்டும் 21 கொடுங்கள். அன்றைக்கு யாருக்கும் எதுவும் மாறாது. மறுநாள் காலை, நைட் முடித்து லீவில் இருந்தவர் வழக்கம்போல ஏவுக்கு வர வேண்டியவர், அவருக்கு இன்னொரு நாள் லீவு, அவருக்குப் பதில் 21ஆம் எண் ஆள் 7 மணிக்கு வந்து நிற்பார். ஞாயிறுதோறும் மொத்தமாக மாறுகிற இடம் என்றால் முதலில் ஒரு மாதம் லீவு கிழமையை மட்டும் பிரித்துப் பழக்குங்கள், பிறகு இது. சம்பளம் போட்ட வாரத்தில் ஆரம்பியுங்கள், மாதக் கடைசியில் வேண்டாம். லிஸ்டை 15 நாள் முன்பே ஒட்டுங்கள், கேன்டீன் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், அங்கேதான் எல்லோரும் நிற்பார்கள்.

எங்கள் பிரிவில் முதல் தடவை அந்த இரண்டாவது லீவு கிடைத்தவர் மறுநாள் காலை 7 மணிக்கே கேட்டுக்கு வந்துவிட்டார், பழக்க தோஷம். லிஸ்டைக் காட்டித் திருப்பி அனுப்பினோம். நம்பாமல் இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போனார்.